தம்பிக்குப் போன அழைப்பு

நியூ ஜெர்சியில் என் மகன் வீட்டில் காலையில் என்னைப் பெயர் சொல்லி விசாரிப்பது கம்ப்யூட்டர் மட்டும்தான். மகனும் மருமகளும் ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். எதிர்வீட்டுக்காரருக்கு ஆறு வருடமாக ஒரு 'ஹாய்' போதும். இந்தப் பெட்டியோ, "சபாபதி, இன்று என்ன செய்கிறாய்?" என்று ஒருமையில் கேட்கிறது. அறுபத்தெட்டு வயதுக்காரனை அப்படிக் கேட்க இது யார்?

தொண்ணூறுகளின் கடைசியில் நான் இங்கே வந்தபோது வலைப்பக்கங்களுக்கு மரியாதை இருந்தது. எங்கள் ஊர் ஆரணிக்கென்று மகன் ஒரு பக்கம் செய்து கொடுத்தான். வந்தவாசி, செய்யாறு பஸ் நேரம், தம்பி ஏகாம்பரத்தின் கடைப் பட்டுச்சேலைகள் நான்கு, அடியில் வந்துபோனவர்களை எண்ணும் கட்டம். அவ்வளவுதான். எண் இரண்டு கூடியிருந்தால் ஒன்று நான், இன்னொன்று பஜார் பிரவுசிங் சென்டரில் தம்பி. "அண்ணா, நம்ம சேல அமெரிக்காவுல தொங்கிகினு கீது!" என்று போனில் கத்துவான். பார்த்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பக்கம் யாரையும் எதுவும் கேட்டதில்லை.

பிறகு எல்லோரும் பேசும் தளங்கள் வந்தன. ஊர்க்காரர்கள் மொத்தமாக அங்கே குடிபோனார்கள். சென்ற வருடம் தம்பி திடீரென்று இறந்தான். என் பாஸ்போர்ட் விசா அலுவலகத்தில் கிடந்தது; போக முடியவில்லை. ஊர்க்காரர்களுக்குச் சேதி சொல்லவாவது அந்தத் தளத்தில் சேர்ந்தேன். பிறந்த தேதி, படித்த பள்ளி, கடைசியில் என் மெயிலின் பாஸ்வேர்டு. கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிப் பழகியவன், அதையும் கொடுத்தேன். என் மெயிலில் இருந்த அத்தனை முகவரிக்கும் அது என் பெயரில் அழைப்பு அனுப்பியது. தம்பியின் முகவரிக்கும்.

எங்கள் ஊரில் சாவுக்குச் சேதிதான் சொல்வோம். யாரையும் 'வா' என்று அழைப்பதில்லை. கருமாதிக்கு முதல் நாள் தம்பி மனைவி போன் செய்தாள்.

"மாமா, சாவு எடுப்புக்கு நீங்க வர்ல. தூரம், சரி. செத்தவருக்கே 'வா, ஜாலியா இருக்கலாம்'னு அனுப்பிகினு கீறீங்களே, நல்லாகீதா?"

"நான் அனுப்பலம்மா. கம்ப்யூட்டரே அனுப்பிடிச்சி."

"கம்ப்யூட்டருக்கு அவரு தம்பியா? அவரு மெயில தொறந்தா உங்க போட்டோதான் சிரிச்சிகினு கீது. வருஷ திதிக்கும் நீங்க வரவாணாம்."

அழைப்பைத் திரும்பப் பெற வழி கேட்டு இங்குள்ள நூலகத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் உதவிக்கு இருந்த பெண்ணிடம், தம்பியால் பதில் தர முடியாது என்றேன். அதற்குமேல் ஓர் அந்நியப் பெண்ணிடம் சொல்ல வாய் வரவில்லை. "சிலருக்குக் கொஞ்சம் நாளாகும். வாரம் ஒருமுறை நினைவூட்டுங்கள்" என்று சிரித்து, அதற்கான பொத்தானையும் காட்டினாள்.

இன்று வருஷ திதி. அந்தத் தளத்தைத் திறந்தால் ஓரத்தில் தம்பியின் பெயர். 'இன்னும் பதில் வரவில்லை. மீண்டும் அழைக்கவா?' ஆம் என்றால் இன்னொரு அழைப்பு அந்த வீட்டுக்குப் போகும். இல்லை என்றால் அவன் பெயர் இங்கிருந்தும் போய்விடும். ஆரணியில் இந்நேரம் சாப்பாடு முடிந்து இலை எடுத்திருப்பார்கள். நான் மவுஸில் கை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.