பல்லில் கடித்த பறி

எனக்கு எழுதிப் பழக்கமில்லை, மறதியும் உண்டு. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளை வரைய ஒரு பிரெஞ்சுக்கார அம்மா வந்திருந்தார். தன் அப்பாவின் ரொட்டிக் கடைத் தாள்களில் வரையத் தொடங்கி, பல நாடுகளில் கண்காட்சி வைத்தவர். பாண்டிச்சேரியில் தங்கித் தமிழும் கற்றிருந்தார்.

ஏரியில் நான் கையால் இறால் தடவிப் பிடிப்பதையும் வரைந்தார். தன் சொந்த ஊர்க் கண்காட்சியில் அதுதான் முதல் படம் என்று சொல்லிக் காட்டினார். இறால் போடும் ஓலைப்பறி படத்தில் என் இடுப்பில் இருந்தது. எனக்குப் பேச வெட்கம். ஆனாலும் அது நானாயிற்றே.

“தப்பும்மா. ரெண்டு கையும் தண்ணிக்குள்ள இறால் தேடும். பறிய பல்லுல கடிச்சிக்குவோம்.”

“பாதி முகம் மறையுமே?” என்றார்.

“இவ மூஞ்சிய இன்னாத்துக்கு பாக்கணும்?” என்று என் நாத்தனார் சிரித்தாள். “நீயே கடிச்சிப் பாரும்மா.”

அவர் பறியைக் கடித்துக்கொண்டு ஏரியில் இறங்கினார். ஓர் இறால்கூடச் சிக்கவில்லை. தாடை வலிக்கிறது என்று கரையேறியவர், பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக வரைந்தார்.

அந்தப் படம்தான் பிரான்சுக்குப் போனது. அதில் என் பாதி முகம்தான் தெரியும். ஆனால் வேலை சரியாக இருக்கிறது. கண்காட்சி நடந்த ஊர்தான் மறந்துவிட்டது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்து அந்த ஊர்ப்பெயரை எழுதிச் சேர்த்துவிடுங்கள்.