எண் அவர்கள் வாயிலிருந்து வரட்டும்

டிரையரின் வடிகட்டியில் சேரும் பஞ்சை வழித்தெடுக்கிற வேலையை லாண்டரிக்கார அக்கா யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. வேலைக்கு நாலு பேர் இருக்கிறார்கள், கொழுந்தன் இருக்கிறான். இருந்தும் தினமும் மத்தியானம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, சாம்பல் நிறப் பஞ்சைப் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி எடுப்பது அவள்தான். பஞ்சு அடைத்தால் மெஷின் சூடேறும், சூடேறினால் தீப்பிடிக்கும். சுத்தம் பண்ணியாச்சா என்று கேட்டால் யாராக இருந்தாலும் ஆச்சு என்றுதான் சொல்வார்கள், அதற்கு நானே பண்ணிவிட்டுப் போகிறேன் என்பாள்.

மனிதர்கள் மேல் அவளுக்குக் கோபமில்லை. 'ஆமா' என்ற சொல்லின் மேல்தான் நம்பிக்கையில்லை. கல்யாணமான புதிதில் ஹோட்டல்களின் பின்வாசலில் நின்று அழுக்குத் துணி வாங்கிய காலத்தில், "நாற்பது விரிப்புதானே?" என்று கேட்பாள். உள்ளேயிருந்து ஆமா என்று வரும். கடைக்கு வந்து பிரித்தால் முப்பத்தேழு இருக்கும், மூன்றுக்கும் தண்டம் அழுவாள். அதற்கப்புறம் அவள் எண்ணை வாயிலேயே எடுப்பதில்லை. "எத்தனை?" என்று மட்டும் கேட்பாள். சொன்னால் இன்னொரு தரம் சொல்லச் சொல்வாள். ஹோட்டல்காரர்கள் அவளுக்கு 'திருப்பிச் சொல்லு அக்கா' என்று பெயர் வைத்தார்கள்.

கணவர் போன பிறகு கடை அவளுக்கும் கொழுந்தனுக்கும் பொதுவானது. பணமெல்லாம் போனுக்கு மாறியபோது அவள் தன் வழக்கத்தையும் போனுக்கு மாற்றினாள். அனுப்பிவிட்டேன் என்று திரையைக் காட்டுகிறவர்களிடம், "சந்தோஷம், என் போனும் அதையே சொல்லட்டும்" என்பாள். பெரிய தொகை வெளியே போவதானால் இரண்டு பேரும் அவரவர் போனில் அழுத்த வேண்டும் என்று பேங்கில் எழுதிக் கொடுத்தாள். "என் கையையும் கட்டி, தன் கையையும் கட்டிக்கிட்டாங்க" என்று கொழுந்தன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. நூறு அறை ஹோட்டல் ஒன்று துணி போட ஆள் தேடிக்கொண்டிருந்தது. பெரிய மெஷினை முதலில் யார் இறக்குகிறார்களோ அவர்களுக்குத்தான் வேலை என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மெஷின் கம்பெனியின் கிடங்கில் அப்போது இருந்தது ஒன்றே ஒன்று. இவர்களும் அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள், பக்கத்துத் தெரு மாடி லாண்டரிக்காரியும் கொடுத்திருந்தாள். மீதியை முந்திக் கட்டுகிறவருக்கு மெஷின். புது வேன் வாங்காமல் நாலு வருஷம் தள்ளிப்போட்டுச் சேர்த்த பணம் பேங்கில் தயாராக இருந்தது.

காலையில் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. பழைய அக்கவுண்ட் இப்போது இயங்கவில்லை, மீதியை நாலு மணிக்குள் இந்தப் புது அக்கவுண்ட்டுக்கு அனுப்பவும் என்று இருந்தது. கொழுந்தன் அசட்டுப் பிள்ளையில்லை. போன் போட்டு விசாரித்துவிட்டுத்தான் தன் பங்குக்கு அழுத்தியிருந்தான். அவள் அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

"எந்த நம்பருக்குப் பேசினே தம்பி?"

"அந்த மெயில்ல இருந்த நம்பருக்குத்தான்."

"அக்கவுண்ட் நம்பரை யார் சொன்னது? நீயா, அவங்களா?"

"நான் படிச்சேன். அவர் ஆமா, கரெக்ட்னார்."

"அப்போ நீ உன்கிட்டயே கேட்டுக்கிட்டு வந்திருக்கே."

அலமாரியிலிருந்து, அட்வான்ஸ் கட்டிய அன்று மெஷின்காரர் நேரில் கொடுத்த விசிட்டிங் கார்டை எடுத்து, அதிலிருந்த எண்ணுக்குப் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. கார்டிலேயே இருந்த ஆபீஸ் நம்பரில், அவர் வெளியே போயிருக்கிறார், வந்ததும் பேசச் சொல்கிறோம் என்றார்கள். அவள் உட்கார்ந்து தலையணை உறை மடிக்க ஆரம்பித்தாள்.

இரண்டு மணியானது, இரண்டரையானது. கொழுந்தன் அறைக்கும் வாசலுக்கும் நடந்து தேய்ந்தான். அந்த ஹோட்டலுக்காக எத்தனை நாள் காத்துக் கிடந்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா அண்ணி என்று ஒரு தரம் கேட்டான். அவளுக்குத் தெரியும். ஒரே உறையை மூன்றாவது தடவையாகப் பிரித்து மடித்தாள்.

மூன்றரைக்கு மெஷின்காரர் கூப்பிட்டார். நலம் விசாரிக்கக்கூட அவள் இடம் கொடுக்கவில்லை.

"உங்க கம்பெனி அக்கவுண்ட் நம்பரோட கடைசி நாலு எண் என்ன, சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அட்வான்ஸ் அனுப்பிய அதே பழைய எண். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள், அதேதான். பிறகு அவள் மெயிலை வாசித்துக் காட்ட, அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. அப்படி ஒரு கடிதம் நாங்கள் அனுப்பவே இல்லை, யாரோ எங்கள் மெயிலுக்குள் புகுந்திருக்கிறார்கள், அட்வான்ஸ் கொடுத்த எல்லாருக்கும் இது போயிருக்கும், உடனே ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறேன் என்று படபடத்துவிட்டு வைத்தார்.

அவள் தன் போனில் 'நிராகரி' என்பதை அழுத்தினாள். கொழுந்தன் அழுக்குத் துணி மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான். அவள் அடுத்த நிமிஷமே மாடி லாண்டரிக்கு போன் போட்டாள்.

விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்துவிட்டது. "கதை நல்லாத்தான் இருக்கு. நான் கட்டாம இருந்தா மெஷின் உங்களுக்குத்தானே?" போன் துண்டிக்கப்பட்டது.

"கெட்டிக்காரி" என்றாள் அக்கா. "யாரோ போன்ல சொன்னா நான் மட்டும் நம்பிடுவேனா?" விசிட்டிங் கார்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். இதைக் கொடுத்தால் மாடி லாண்டரிக்காரியே கூப்பிட்டு, தன் காதாலேயே எண்ணைக் கேட்டுக்கொள்வாள். மணி நாலாக இருபது நிமிஷம்.

கொழுந்தன் மூட்டையிலிருந்து எழுந்தான்.

"அண்ணி, நம்ம பணத்தைச் சரியான அக்கவுண்ட்டுக்கு அனுப்பிட்டுப் போங்களேன். நீங்க போய்ச் சொல்லி, அவங்க நமக்கு முன்னாடி கட்டிட்டா?"

"அதுக்குள்ள அவ பணம் போயிடும் தம்பி" என்றபடி அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனாள்.