ஒட்டிய பக்கிள்

தனபால் முதலாளி, ராஜேந்திரன் அண்ணன் செத்தது உங்களால். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, எல்லோரும் கேட்கவே சொல்கிறேன்.

நேற்று எங்கள் தீவுத் தலைநகரில், ஷாதிபூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்றிருந்தேன். மகளின் கண்ணாடிக் கால் உடைந்திருந்தது. கடைக்காரர் சூப்பர் குளூ ட்யூபைக் குத்தித் திறந்தார். மூக்கைச் சுருக்க வைக்கும் அந்த வாடை. தடவி, அமுக்கி, "பஸ், ஹோ கயா", அவ்வளவுதான், முடிந்தது என்றார். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு நடந்தேன். "அப்பா, கண்ணாடிய வாங்காமலே போறீங்க" என்று மகள் கத்தினாள்.

வடக்கே மாயாபந்தரில் எங்கள் படகு ஷெட்டுக்கு அந்த வாடைதான். டீசல், நனைந்த கயிறு, அதற்கு மேல் இது. கெமிஸ்ட்ரியில் அரியர் வைத்துவிட்டு, தனபால் முதலாளியின் படகுக் கம்பெனியில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். டூரிஸ்டுகளைப் பக்கத்துத் தீவுக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்ப அழைத்து வருவதுதான் தொழில். படகை ஓட்டியவர் ராஜேந்திரன் அண்ணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, இந்தத் தீவுகளில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். நீச்சல் தெரியாது. சிரிக்காதீர்கள். கேட்டால், "பஸ் டிரைவரு என்னா, ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சிட்டா வந்தான்?" என்பார்.

வெயிலிலும் உப்பிலும் கிடந்து லைஃப் ஜாக்கெட்டின் பட்டையைப் பூட்டும் பிளாஸ்டிக் பக்கிள்கள் வெடித்துப்போகும். புதியது மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். மழைக்காலத்தில் எந்தக் கப்பல் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? முதலாளி ஒரு டப்பா நிறைய குளூ வாங்கி வந்தார். தானே உட்கார்ந்து ஒட்டினார். அதில் அவருக்குப் பெருமை வேறு.

"அரே, பாரு காலேஜு, நம்ம தீவுக் காத்துக்கே கப்புனு புடிச்சிக்குது. இதுக்கு எதுக்குக் கப்பல்?"

நல்ல ஜாக்கெட்டெல்லாம் கெஸ்டுக்கு. ஒட்டியது ஸ்டாஃபுக்கு. எல்லாப் படகுக் கம்பெனியிலும் அப்படித்தான், யாரும் கேட்டதில்லை. அண்ணன் மட்டும் மாட்டிக்கொண்டே சொல்வார்: "நா கெஸ்டு இல்லன்னு கடலுக்கும் ஒருக்கா சொல்லி வைங்க மொதலாளி." எல்லோரும் சிரிப்போம். முதலாளியும் சிரிப்பார்.

ஒரு மத்தியானம் தீவிலிருந்து கெஸ்டுகளைத் திரும்பக் கூட்டிவரக் காலிப் படகோடு போனார். திடீர்க் காற்று. படகு கவிழ்ந்தது. மீனவர்கள் முதலில் கொண்டுவந்தது ஜாக்கெட்டைத்தான். என் கையில் கொடுத்தார்கள். பக்கிளின் கொக்கி கூட்டுக்குள் மாட்டியபடியே இருந்தது. ஒட்டிய இடத்தில் கூடுதான் இரண்டாகப் பிளந்திருந்தது, ஓரமெல்லாம் வெள்ளை பூத்து.

விசாரிக்க வந்த அதிகாரியிடம் முதலாளி சொன்னார்: "எத்தனையோ தடவ சொன்னேன் சார். பக்கிள மாட்டவே மாட்டான்."

"மொதலாளி, கொக்கி உள்ளதான இருக்கு" என்றேன்.

"சுப் ரஹோ, வாய மூடு. நீ மொதல்ல பாஸாகிட்டு வா."

அன்று சாயங்காலம் ஜாக்கெட்டைக் காணவில்லை.

சொன்னபடி பாஸானேன். அந்த அரியருக்குப் படித்தபோதுதான் அயனிப் பலபடியாதல் என்ற பாடம் உருப்படியாக மண்டையில் ஏறியது. ட்யூபுக்குள் குளூவின் மூலக்கூறுகள் தனித்தனியாகக் கிடக்கின்றன. துளி அமிலம் போட்டு அவற்றைச் சேரவிடாமல் வைத்திருக்கிறார்கள். வெளியே வந்து ஈரம் பட்டதும் நீரிலிருந்து ஓர் எதிர்மின் அயனி முதல் மூலக்கூறில் ஏறுகிறது. அந்த மின்சுமை அதன் வால் நுனிக்கு நகர்ந்து அடுத்ததைப் பிடிக்கிறது. பிறகு அதன் நுனிக்கு. இப்படியே சங்கிலி நீள்கிறது. ஈரம் கொஞ்சமாக இருந்தால் நீண்ட சங்கிலி, நல்ல பிடி. எங்கள் மழைக்காலக் காற்றில் ஒரே நேரத்தில் எக்கச்சக்கமான சங்கிலிகள் தொடங்கும், எதுவும் நீளாது. சீக்கிரம் இறுகும், மொறுமொறுவென்று உடையும். மிச்ச ஆவி ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கும்.

இன்னொன்றும் படித்தேன். அந்தப் பக்கிளின் பிளாஸ்டிக்கும் அயனி வழியில் பிறந்ததுதான். அங்கே நேர்மின் சுமை ஓடுகிறது. அதற்குத் தண்ணீர் எதிரி. கொஞ்சம் ஈரம் புகுந்தாலும் சங்கிலி அங்கேயே நின்றுவிடும். பிறந்த பிறகோ அது வழுவழு பிளாஸ்டிக். எந்தக் குளூவும் அதில் ஒழுங்காக ஊன்றாது. இந்த இரண்டுக்கும்தான் எங்கள் முதலாளி மழைக்காலத்தில் கல்யாணம் பண்ணி வைத்தார். கப்பென்று பிடித்ததைப் பார்த்து உறுதி என்று நினைத்தார். அது தெரியாமல் செய்தது. அதை நான் விட்டுவிடுகிறேன். மாட்டவில்லை என்று சொன்னது தெரிந்தே செய்தது.

ரிசல்ட் வந்ததும் அண்ணனின் மனைவி மல்லிகா அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் நிறுத்தினார்.

"கெமிஸ்ட்ரி எனக்கெதுக்குத் தம்பி? மாட்டுனாரா, மாட்டலையா?"

"மாட்டினாருக்கா."

"ஒங்கப்பன் திமிருலயே செத்தான்னு ஸ்கூல்ல எம்புள்ளகிட்ட சொல்றாங்க. அந்தாள் வாயால சொல்லச் சொல்லு. அது போதும்."

இன்று அந்த ஷெட் இல்லை. அங்கே ஹோட்டல் எழுந்திருக்கிறது. டிக்கெட் எல்லாம் போனிலேயே. மல்லிகா அக்கா பிள்ளையோடு மெயின்லேண்டு போய்விட்டார். எந்த ஊர் என்று சொல்ல ஆளில்லை. நான் தலைநகரில், பத்துபஸ்தியில் டியூஷன் எடுக்கிறேன். இந்தப் பாடம் வருஷா வருஷம் வரும். நடத்துவேன். உள்ளே ஒன்றும் அசையாது.

முதலாளி, கோயில் திருவிழாவில் நீங்கள் மைக் பிடிக்காத வருஷம் இல்லை. இந்த வருஷம் நன்கொடையாளர் பெயர்களை வாசிப்பதற்கு முன்னால், எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள்: ராஜேந்திரன் பக்கிளை மாட்டியிருந்தாரா, இல்லையா?