போர் மயானத்து வாசலில் ஒரு மஞ்சள் முடிச்சு

போன வருடம் ஆனி மாதம், திருகோணமலையில் நிலாவெளி போகிற வீதியோரம் இருக்கும் போர் மயானத்து வாசலில்தான் இது நடந்தது. இரண்டாம் உலகப் போரில் செத்த வெள்ளைக்கார மாலுமிகளைப் புதைத்த இடம் அது. பஸ்ஸில் அதைக் கடந்து எத்தனையோ தரம் போயிருக்கிறேன். உள்ளே ஒருநாளும் கால் வைத்ததில்லை. எங்கள் வீட்டுச் சாவுகளுக்கு அழவே கண்ணீர் போதாமல் கிடக்க, வெள்ளைக்காரன் வீட்டுச் சாவு எனக்கு எதற்கு என்றுதான் இருந்தேன்.

என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனவள் என் தங்கச்சி. லண்டனில் அவளுடைய கணவர் மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அவருடைய அஸ்தியை ஊர்க் கடலில் கரைக்கவென்று தனியாக வந்திருந்தாள். அங்கே ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்க்க எனக்கு மனது கேட்கவில்லை. புது மண் முட்டி ஒன்று வாங்கி அதில் மாற்றி, மஞ்சள் துணியால் முடிந்து, முற்றத்து மாமரக் கொப்பில் கட்டித் தொங்கவிட்டேன். அஸ்தியை வீட்டுக்குள் எடுக்கக்கூடாது, நிலத்தில் வைக்கவும் கூடாது என்பது எங்கள் வழக்கம். தங்கச்சி அந்த மாமரத்துக்குக் கீழேயே கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் "நீங்கள் சாப்பிடுங்கோ அக்கா, நான் இவரோட இருக்கிறன்" என்பாள். அந்த முட்டிதான் அப்போது அவளுக்குப் புருஷன்.

லண்டனில் அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா இருக்கிறாராம். அவருடைய அண்ணன் கடற்படையில் இங்கே வந்து, இந்த மயானத்தில்தான் கிடக்கிறார். ஊருக்குப் போனால் அண்ணனின் கல்லில் வைக்கச் சொல்லி, சிவப்புக் கம்பளி நூலில் பின்னிய பூ ஒன்றைத் தங்கச்சியின் கணவரிடம் கொடுத்திருக்கிறார். இவரும் கட்டாயம் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அவர் குடுத்த வாக்கு அக்கா. அதை முடிச்சிட்டுத்தான் கரைக்க வேணும்" என்று தங்கச்சி ஒற்றைக் காலில் நின்றாள்.

என் கணவர் ஐயரைக் கூட்டிக்கொண்டு முதலே கடற்கரைக்குப் போய்விட்டார். நாங்கள் இருவரும் முட்டியோடு ஓட்டோ பிடித்து மயானத்து வாசலில் இறங்கினோம். வேறு ஓர் ஆளை இறக்கிவிட்டு வந்து ஏற்றுகிறேன் என்று ஓட்டோக்காரர் போய்விட்டார்.

அப்போதுதான் அந்த ஆளைக் கண்டேன். வீதிக்கு அந்தப் பக்கம் தேத்தண்ணிக் கடை வாங்கில் உட்கார்ந்திருந்தார். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். ஒட்ட வெட்டிய தலை. தேத்தண்ணியைக் குடிக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சம்பூர்க்காரி. இரண்டாயிரத்து ஆறில் சண்டைக்குள் உடுத்த துணியோடு ஓடி, முகாம் முகாமாகக் கிடந்து திரும்பி வந்தவள். எங்கள் பக்கத்தில் ஒட்ட வெட்டிய தலைக்கு ஒரே அர்த்தம்தான்: ஆமிக்காரன், இல்லாவிட்டால் புலனாய்வுக்காரன். சீருடை போட்டவனைக் கண்டால்கூட எனக்கு அவ்வளவு பயமில்லை. போடாதவனைக் கண்டால்தான் பயம்.

நான் பயந்தபடியே அவர் எழும்பி வீதியைக் கடந்து வந்தார். நல்ல தமிழில்தான் கேட்டார்.

"எங்க இருந்து வாறீங்கள் அக்கா?"

"டவுனில இருந்துதான்" என்றேன். முதல் பொய்.

"இவ வெளிநாடோ?"

"இல்லை, கொழும்பு." இரண்டாவது.

அவருடைய கண் என் கையிலிருந்த முடிச்சுக்குப் போனது. "அதில என்ன?"

"தேங்காய்."

வாயில் வந்தது அதுதான். மஞ்சள் துணியில் யாராவது தேங்காய் கட்டிக்கொண்டு சுற்றுவார்களா? அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "ஓம் ஓம்" என்றார். அந்த "ஓம் ஓம்" எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நான் உள்ளே போவதில்லை என்றுதான் இருந்தேன். ஒரு சாவைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு சாவின் வாசலுக்குள் போகக்கூடாது என்பது என் எண்ணம். எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று கேட்டுவிடாதீர்கள். தங்கச்சி மட்டும் பூவோடு உள்ளே போனாள். போனதுதான் தாமதம், அந்த ஆளும் பின்னாலேயே உள்ளே நுழைந்தார்.

எனக்குப் பதறிப்போய்விட்டது. தனிப் பெண், வெளிநாட்டுக்காரி, வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத அப்பாவி. முட்டியோடு உள்ளே போகவும் ஏலாது, அவளை விடவும் ஏலாது. மதிலோரம் நின்ற வேப்பமரத்தின் தாழ்ந்த கொப்பில் முடிச்சைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு உள்ளே ஓடினேன். வீட்டில் செய்ததைத்தானே செய்கிறேன் என்று நினைத்தேனே தவிர, அது எந்த இடத்து வாசல் என்று யோசிக்கவில்லை.

உள்ளே தங்கச்சி கல்லுக்குக் கல் குனிந்து பெயர் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வரிசை தள்ளி அவர். "ஆரைத் தேடுறீங்கள் தங்கச்சி?" என்று கேட்க, இவள் முழுக் கதையையும் சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையில் கிள்ளினேன்.

"சும்மா பாக்க வந்தனாங்கள்" என்றேன்.

அவர் என் வெறும் கைகளைப் பார்த்தார். முகம் மாறியது. "தேங்காயை எங்க விட்டனீங்கள்?"

"அது எங்க இருந்தா உங்களுக்கென்ன?" என்று சீறினேன். அவர் விறுவிறு என்று வெளியே போனார். சனியன் தொலைந்தது என்று மூச்சு விட்டேன்.

கல்லைக் கண்டுபிடித்தோம். மேலே நங்கூரம் செதுக்கியிருந்தது. வயது பத்தொன்பது. தங்கச்சி பூவை வைத்துவிட்டு, "இந்தா, இவர் சொன்னபடி வந்திட்டம்" என்று தமிழிலேயே அந்த வெள்ளைக்காரப் பையனிடம் சொல்லி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் எனக்கு வந்தது அவனுக்காக மட்டுமில்லை, பொறாமையும்தான். எங்கிருந்தோ வந்தவனுக்குப் பெயர் எழுதின கல், வெட்டிவிட்ட புல், பூ வைக்க ஆள். எங்கள் ஊரில் எத்தனை பேர் எங்கே கிடக்கிறார்கள் என்றே தெரியாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் வேப்பங்கொப்பு வெறுமையாக இருந்தது.

தங்கச்சி ஒரு சத்தம் போட்டாளே, அதை என் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். "இவரைக் கொண்டு போயிட்டாங்கள் அக்கா!" என்று நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். மதிலோரம் பத்துப் பதினைந்து பேர் கூடி, மரத்தைக் காட்டிக் கதைத்துக்கொண்டு நின்றார்கள். தேத்தண்ணிக் கடைக்காரப் பெண்தான் சொன்னா: "அந்தக் கட்டை முடிக்காரன்தான் அவிட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள்ள போனவன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கடையோரம் போகிற அந்த ஒடுங்கின ஒழுங்கைக்குள் ஓடினேன். உண்மையாகவே அடிக்கத்தான் எடுத்தேன்.

கடையின் பின்பக்கம், வெயிலில் அவர் நின்றார். தன் செருப்புகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றார். இரண்டு கையாலும் முட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். பக்கத்தில் ஒரு தகரப் பீப்பாய் இருந்தது. அதன் மேல்கூட வைக்கவில்லை.

"களவாணி! செத்தவரையும் விடமாட்டியளோ?" என்று கத்தினேன்.

"அக்கா, கத்தாதேங்கோ. முட்டி பத்திரம்" என்றார். "மரத்தில ஒரு பொதி தொங்குது, குண்டாக்கும் எண்டு சனம் கூடிட்டுது. பொலிசுக்குக் கோல் எடுப்பம் எண்டு கதைச்சினம். வந்தா இதை உடைச்சுத்தான் பாப்பாங்கள். நான் ஓடிப் போய் அவிட்டுக்கொண்டு வந்திட்டன்."

"இது என்னெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் தலையைத் தடவிக்கொண்டார். "அப்பா செத்து இப்பதான் ஒரு மாதம். மொட்டை அடிச்ச தலையில இவ்வளவுதான் வளர்ந்திருக்கு. நானும் உப்பிடித்தான் மஞ்சள் துணியில கட்டிக்கொண்டு போய்க் கரைச்சனான். உங்கட கையில கண்டதும், ஆர், என்ன எண்டு கேக்கவேணும் போல இருந்திச்சு. வேறொண்டுமில்லை."

செருப்பு என் கையிலேயே இருந்தது. தகப்பனுக்குக் கொள்ளி வைத்து மொட்டை அடித்த பிள்ளையின் தலை அது. எத்தனை செத்த வீடு கண்டவள் நான்! அது எனக்கு முதல் பார்வையிலேயே தெரிந்திருக்க வேண்டாமா? இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. குண்டு என்று சனம் சொல்லிக்கொண்டு நின்ற பொதியைத் தூக்கிக்கொண்டு ஓடிய தமிழ்ப் பையனை, பொலிஸ் வந்திருந்தால் என்ன செய்திருக்கும்? அது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

பின்னால் வந்த தங்கச்சி முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். முடிச்சு அவிழவில்லை. "தம்பி, நீங்களே கடற்கரை மட்டும் கொண்டு வாங்கோ" என்று அவள்தான் கேட்டாள்.

திரும்பி வந்த ஓட்டோவில் வழிநெடுக அதை அவர் மடியில்கூட வைக்கவில்லை. கடற்கரையில் என் கணவரின் கையில் கொடுத்துவிட்டு, முழங்காலளவு தண்ணீரில் தள்ளி நின்றார். ஐயர் சொல்லச் சொல்ல என் கணவர் கரைத்தார். தங்கச்சி அலை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது அவர் இல்லை. இப்படியான காரியத்தில் போயிட்டு வாறேன் என்று சொல்லிக்கொள்ளக்கூடாது என்று தெரிந்த பிள்ளை, சொல்லாமலே போய்விட்டார். அவருடைய பெயரையோ ஊரையோ நாங்கள் கேட்கவேயில்லை.

இதற்குப் பிறகு நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் அது பொய். தெரியாத ஆள் நின்று பார்த்தால் இப்போதும் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். அது லேசில் போகிற வியாதியில்லை. ஆனால் இப்போது பொய் சொல்லிக்கொண்டு நிற்காமல், "வீட்டில எல்லாரும் சுகமோ தம்பி?" என்று நானே முந்திக் கேட்டுவிடுகிறேன். பாதிப் பேர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு விலகிப் போகிறார்கள். அவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன்.