காஜா பெராங் கோயிலின் செருப்புக் கணக்கு

கோயில்பிள்ளை என்றால் மணியடிப்பவன் என்று நினைக்கிறார்கள். பெஞ்சு துடைத்து முதுகு விட்டுப்போன சக தோழர்களுக்குத்தான் உண்மை தெரியும். காஜா பெராங் ஊரில் எங்கள் சின்ன பிரஸ்பிட்டேரியன் சபையில் பல வருஷம் அந்த வேலை பார்த்தேன். காலையில் தோட்டத்துத் துரைமார்களின் ஆங்கில ஆராதனை, மாலை நாலு மணிக்கு எங்கள் தமிழ் ஆராதனை.

எண்ணும் முறை

வந்தவர்களை நோட்டில் எழுதுவதும் என் பொறுப்பு. தலையை எண்ணினால் கணக்கு நிற்காது. பிள்ளை அழுதால் தாய் வெளியே போய்விடுவாள். அதனால் முன்வாசலில் கிடக்கும் செருப்பை ஜோடி ஜோடியாக எண்ணிவிடுவேன். என் செருப்பு மணிக்கயிறு தொங்கும் பின்வாசலில் கிடக்கும்.

ஒரு ஞாயிறு, தெங்கேராவிலிருந்து வரும் ரோசம்மாள் அக்கா செருப்பு வார் அறுந்து வெறுங்காலோடு வந்துவிட்டார். அடுத்த வாரம் பார்த்து, போன வாரம் ஏன் வரவில்லை என்று கேட்டுத் தொலைத்தேன்.

"நான் வந்தது ஆண்டவருக்குத் தெரியும்டா தம்பி. உன் நோட்டுக்குத்தான் தெரியல."

கடிதம்

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் அடைந்த பிறகு தோட்டங்கள் கை மாறின, எங்கள் ஆட்களும் வேலை தேடிச் சிதறினார்கள். எங்கள் சபையை மேற்பார்த்த வெள்ளைக்காரப் போதகர் கடிதம் போட்டார்: அடுத்த மாதம் நேரில் வருவேன், இருபது பேருக்குக் குறைந்தால் தமிழ் ஆராதனையை மூடிவிட்டு எல்லாரும் ஆங்கிலத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். மூப்பர் ஞானமுத்து கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு மடித்தார்.

"இங்கிலீஸ்ல பாடிறலாம்லா. அழுகைதான் தமிழ்ல வருது."

அந்த ஞாயிறு

போதகர் வந்த அன்று பார்த்துப் பேய்மழை. பத்து பெரெண்டாம் ஊரிலிருந்து எங்கள் ஆட்களைக் கொண்டுவரும் பஸ் வரவே இல்லை. எப்படி எண்ணுவாய் என்று போதகர் கேட்டார், காட்டினேன். அவரும் குனிந்து எண்ணினார். பத்தொன்பது ஜோடி. ஒருமுறைக்கு இருமுறை எண்ணியும் அதேதான். ஒன்று கூட்டிச் சொல்லலாமா என்று தோன்றியது, வாய் வரவில்லை. மூப்பர் தரையையே பார்த்தார்.

புதுச் செருப்போடு வந்திருந்த ரோசம்மாள் அக்கா எழுந்து பின்பக்கம் போனார். வரும்போது அவர் கையில் என் பழைய செருப்பு. வயதில் மூத்தவர் அதைத் தூக்கி வருவதைப் பார்க்கக் கூசியது. அதைப் போதகர் முன்னால், மற்ற செருப்புகளோடு சேர்த்து வைத்தார்.

"இதையும் எழுதிக்குங்கய்யா. பதினோரு வருசமா பின்வாசல்லயே கிடக்கு."

போதகர் இருபது என்று எழுதினார், தமிழ் ஆராதனை பிழைத்தது, அன்றிலிருந்து எனக்கு ஒரு ஞாயிறுகூட லீவு கிடையாது.