ஏழாம் எண்ணில் உட்கார வைத்த டிஸ்க்

சபையாரே, கேரி தீவு எஸ்டேட்டில் பிறந்தவன் நான். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. லோரி கழுவினேன், பிறகு ஓட்டினேன், பிறகு வாங்கினேன். கிள்ளானில் சொந்த யார்டு, சொந்த ஒர்க்‌ஷாப், நம் சபைக்குக் கூரை. எல்லாம் இந்தக் கை எழுப்பியது. அப்பேர்ப்பட்டவன் அரிசி அளவு கிளிப் ஒன்றிடம் வெட்கப்பட்டுப் போனேன்.

1996, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். ஆபீஸ் சர்வர் படுத்துவிட்டது. எந்தக் கொண்டெய்னர் எங்கே போகணும் என்ற விவரமெல்லாம் அதன் டிஸ்க்கில். டிஸ்க் நல்லாத்தான் இருந்தது. புது சர்வரில் அதை இணைக்க ஓர் அடாப்டர் கார்டு வேண்டும். மகன் ஜொகூரில் இருந்தான். பெட்டாலிங் ஜெயாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மருமகள் ரூபி லீவு போட்டு வந்தாள்.

கார்டு சர்வருக்குப் பொருந்துமா, சர்வரின் மென்பொருள் கார்டை ஏற்குமா, கேபிளின் வாய் டிஸ்க்குக்குச் சேருமா, கேபிள் முனையில் அடைப்பான் இருக்கிறதா, எல்லாம் பார்த்தாள். வேறு லோரியின் எஞ்சினை மாட்டும்போது நாங்களும் அப்படித்தான் பார்ப்போம். கடைசியில், கேபிளில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும், டிஸ்க்குக்குப் பூஜ்யம் என்றாள். டிஸ்க்கின் பின்னால் இருக்கும் முட்களில் அரிசி அளவு கிளிப்பை மாட்டித்தான் அந்த எண்ணை வைக்கணுமாம்.

ஏழு வை என்றேன். என் லோரி நம்பரெல்லாம் ஏழில் முடியும். வேதத்தின் எண் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

"மாமா, ஏழு கார்டோட நம்பர். அதுதான் இங்க எஜமான். அதே நம்பரை டிஸ்க்குக்கும் கொடுத்தா கார்டு டிஸ்க்கைப் பார்க்காதுலா."

டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என் கம்பெனி, என் டிஸ்க். சொன்னதைச் செய்," என்றேன்.

செய்தாள். பையை எடுத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

திரையில் டிஸ்க் வரவே இல்லை. கார்டு கெட்டது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு மாற்றினேன். அதுவும் அப்படியே. கிளிப்பை நானே பிடுங்கினேன், எந்த முள்ளில் மாட்டுவது என்று தெரியாமல் பழைய இடத்திலேயே மாட்டினேன். லோரிகள் வரிசையாக நின்றன. சாயங்காலத்துக்குள் சரக்கு போகாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று பெரிய வாடிக்கையாளர் போன் செய்தார். அவர் போனால் பாதி டிரைவர்களுக்கு வேலை இல்லை. "நம்பர் பிளேட்டையே டிஸ்க்ல ஒட்டிப் பாருங்க பாஸ்," என்றான் ஒருவன். யாரும் சிரிப்பை அடக்கவில்லை.

ரூபியைக் கூப்பிட்டு வர லோரியை எடுத்தேன். ஃபெடரல் ஹைவேயில் நெரிசல். ஸ்டீயரிங்கில் தலை வைத்து, நான் மன்னிப்புக் கேட்காமலே காரியம் முடியட்டும் ஆண்டவரே என்று ஜெபித்தேன். ஜெபமா அது? எனக்கே கூசியது. சரி கேட்கிறேன், வாயை மட்டும் நீங்கள் திறந்துவிடுங்கள் என்றேன்.

கதவைத் தட்டினேன். ரூபி தோளில் பையோடு நின்றாள். நான் வாய் திறந்தேன், அழுகைதான் வந்தது.

"மனசு கேக்கல மாமா, நானே கிளம்பிட்டேன். வாங்க, மழை வருது."

யார்டுக்கு வந்ததும் கிளிப்பை எடுத்துப் பூஜ்யம் வைத்தாள். டிஸ்க் தெரிந்தது. இருட்டும் முன்னே கடைசி லோரியும் கேட்டைத் தாண்டியது.

அன்றிலிருந்து எண் பார்ப்பதில்லை. ரூபியைக் கேட்காமல் ஆபீஸில் ஒரு கம்பியும் தொடுவதில்லை. பிடிவாதத்தோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, நீங்களும் ஆண்டவரிடம் கேளுங்கள். அரைகுறை ஜெபத்துக்கும் இரங்குகிறவர் அவர்.

கம்பெனியைக் காப்பாற்றியவள் என்று நன்றி ஆராதனைப் பட்டியலில் ரூபி பேரை மட்டும் வாசித்தார்களாம். வாசிக்கட்டும். கர்த்தர் பேரை முதலில் வாசிக்கட்டும். ஆனால் கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரை அந்த வெட்கத்தைச் சுமந்து ஓட்டிப் போனவன் நான். போதகர் ஐயா, என் பேரும் அந்தப் பட்டியலில் வரணும்.