வலது பக்கத்துக் கல்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊரில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை அவியும் வாசனையைப் பிடித்துக்கொண்டு போனால், தன் தள்ளுவண்டியருகே ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் அந்தோணி அண்ணன். இன்று மனைகளாகிவிட்ட சிங்கவரம் சாலைக் கொல்லையில், மல்லாட்டை பிடுங்கி முடித்ததும் பந்தாட்டம் நடக்கும். அண்ணன் எப்போதும் இடது பக்கமாகவே ஓடுவார் என்பதால், அவருடைய ரசிகைகளான நாங்கள் காலையிலேயே போய் அந்தப் பக்கத்துக் கற்களை மட்டும் பொறுக்கி, பாவாடையில் அள்ளி வரப்பில் கொட்டுவோம். அவலூர்பேட்டைக்காரர்களோடு ஆடிய அன்று வலது பக்கம் ஓடியவர், கோல் அடித்த வேகத்தில் கல் இடறி விழுந்தார். முழங்கால் போனது, ஆட்டமும் போனது.

"அந்தப் பக்கமும் பொறுக்கி இருக்கணும்ண்ணா," என்றேன்.

"நீங்க பொறுக்கனத பாத்துட்டுதான் அவனுங்க எல்லாம் இடது பக்கமே நின்னானுங்க. அதான் வலது பக்கம் போனேன். கோல் வுழுந்துச்சா இல்லியா?"